காற்றைப் பாரம் ஏற்றும் கார்: போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாடலைப் பற்றிய பக்கம் இது?

போர்ஷே 2022 ஆகஸ்டில் வெளியிட்ட 911 ஜிடி3 ஆர்எஸ். 911 வரிசையின் 992 தலைமுறையைச் சேர்ந்தது. 4 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத இன்ஜின். 525 குதிரைத்திறன், 465 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை 1,450 கிலோ. நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டலாம். ஆனால் ரேஸ் டிராக்கை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு பாகத்தையும் வடிவமைத்திருக்கிறார்கள்.

"ஆர்எஸ்" என்றால் என்ன?

ரென்ஸ்போர்ட். ஜெர்மன் மொழியில் பந்தய விளையாட்டு என்று பொருள். இந்த எழுத்துகள் ஒட்டிய 911-களில் முதலாவது, 1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சிக்கு வந்த கரேரா ஆர்எஸ் 2.7. பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அதே காரில் 500-ஐயாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 500 விற்குமா என்றே கம்பெனிக்குள் சந்தேகம் இருந்தது. கடைசியில் 1,580 விற்றது.

தகடு மெலிந்தது, கண்ணாடி மெலிந்தது, பின் சீட் போனது. பின் மூடியின் மேல் வாத்தின் வால்போல ஒரு மடிப்பு முளைத்தது. அந்த வாலைப் பார்த்து அன்று சிரித்தவர்கள் உண்டு. 1973-இல் அதன் பந்தய வடிவமான ஆர்எஸ்ஆர், டேடோனா 24 மணிநேரப் பந்தயத்தையும் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோவையும் வென்றது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அந்த வால் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

சாதாரண ஜிடி3-ஐ விட இதில் 15 குதிரைத்திறன்தானே அதிகம்? இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

நியாயமான கேள்வி. ஜிடி3-தான் இந்த ஆர்எஸ்ஸுக்கு அடிப்படையான கார். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். முறுக்குவிசையில் ஆர்எஸ் 5 நியூட்டன் மீட்டர் குறைவு: ஜிடி3-க்கு 470, இதற்கு 465. கார்பன் ஃபைபரை வாரி இறைத்தும், தானியங்கி கியர் உள்ள ஜிடி3-ஐ விட இது 15 கிலோ கனம். உச்ச வேகமோ ஜிடி3-க்கு மணிக்கு 318 கி.மீ., இதற்கு 296 கி.மீ.தான். காகிதத்தை மட்டும் பார்த்தால் அதிகப் பணம் கொடுத்து மெதுவான காரை வாங்கியது போலத்தான் இருக்கும்.

இப்போது நூர்பர்க்ரிங்குக்கு வாருங்கள். ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் வளைந்தோடும் 20.832 கி.மீ. பாதை. 2021-இல் ஜிடி3 அதை 6 நிமிடம் 59.927 நொடியில் சுற்றியது. 2022 அக்டோபரில் பந்தய ஓட்டுநர் யோர்க் பெர்க்மைஸ்டர் இந்த ஆர்எஸ்ஸில் 6 நிமிடம் 49.328 நொடியில் சுற்றினார். பத்தரை நொடிக்கு மேல் மிச்சம். 15 குதிரைகளால் அதைச் சம்பாதிக்க முடியாது. நேர்ப்பாதையில் 22 கி.மீ. வேகத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் வட்டியோடு வசூலித்திருக்கிறது இந்தக் கார்.

எப்படி வசூலிக்கிறது? டவுன்ஃபோர்ஸ் என்கிறார்களே, அது எடைதானே? எடை கூடினால் கார் மந்தமாகாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே சின்ன வயதில் கையை நீட்டித் திட்டு வாங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். உள்ளங்கையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் கை தூக்கும், கீழ்நோக்கிச் சாய்த்தால் அமுங்கும். விமானத்தின் இறக்கை முதல் வேலையைச் செய்கிறது. இந்தக் காரின் இறக்கை இரண்டாவது வேலையைச் செய்கிறது.

அப்படி அமுக்குவதால் என்ன லாபம்? டயர் ரோட்டைப் பிடிக்கும் பலம், அதன் மேல் இருக்கும் பாரத்தைப் பொறுத்தது. பாரம் கூடினால் பிடி கூடும். அப்படியானால் காரில் அரிசி மூட்டையை ஏற்றினால் போதாதா? போதாது. மூட்டை டயரை அமுக்கும். ஆனால் திருப்பத்தில் அந்த மூட்டையையும் சேர்த்துத்தான் கார் திருப்பியாக வேண்டும். கூடிய பிடியை அந்த எடையே தின்றுவிடும். காற்றின் பாரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. டயரை அமுக்கும், ஆனால் திருப்பவோ நிறுத்தவோ வேண்டிய சுமையாக இருக்காது. இலவசப் பாரம் என்றே சொல்லலாம். நேர்ப்பாதையில் காற்றுத் தடையாக வந்து நிற்கும்போது மட்டும் அதன் கூலியைக் கேட்கும். அந்த 22 கி.மீ.யில் ஒரு பங்கு அந்தக் கூலிக்குத்தான் போனது.

போர்ஷே சொல்லும் கணக்கு: மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ, 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ. எழுபத்தைந்து கிலோ அரிசி மூட்டை பதினொன்றைக் கூரையில் அடுக்கியது போல. முந்தைய ஆர்எஸ்ஸைப் போல் இரண்டு மடங்கு இது. உடன்பிறப்பான ஜிடி3-ஐப் போல் மூன்று மடங்கு.

இந்தப் பாரம் வேகத்தின் வர்க்கத்தில் வளரும் என்பதுதான் இதில் சூட்சுமம். வேகம் பாதியானால் பாரம் கால்வாசியாகும். 200-இல் 409 கிலோ என்றால் 100-இல் சுமார் 100 கிலோ, 60-இல் 40 கிலோவுக்கும் குறைவு. ஆக இது வேகத்துக்கு வேகம் குணம் மாறும் கார். கொண்டையூசி வளைவில் சாதாரண 911 போல நடந்துகொள்ளும். 200-க்கு மேல் வளையும் திருப்பத்தில் வேறு பிராணி.

ஓட்டுபவர் பழக வேண்டிய விஷயமும் இதுதான். வேகத் திருப்பத்தில் பயந்து காலைத் தளர்த்தினால் வேகம் குறையும், பாரம் குறையும், பிடியும் குறையும். நூர்பர்க்ரிங்கில் ஷ்வேடன்க்ராய்ஸ் போன்ற அதிவேகத் திருப்பங்களில் உடம்பு "வேண்டாம்" என்று சொல்லும், காற்று "வா" என்று கூப்பிடும். எதை நம்புவது என்பதை ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது.

அந்தப் பின் இறக்கை கூரையை விட உயரமாக இருக்கிறதே, அழகுக்கா?

அழகுக்காக யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். கூரையைத் தாண்டி வரும் காற்று கலைந்து குழம்பியிருக்கும். உயரே போகப் போகச் சுத்தமான காற்று கிடைக்கும். ரோட்டு 911 ஒன்றில் இறக்கையின் மேல் விளிம்பு கூரைக்கு மேலே போனது இதுதான் முதல் முறை.

தாங்குகால்களையும் பாருங்கள். அன்னத்தின் கழுத்துபோல வளைந்து, இறக்கையை மேலிருந்து பிடித்திருக்கின்றன. இறக்கையில் அதிக வேலை செய்வது அடிப்பக்கம்தான். அங்கே காற்று வேகமாக ஓடி அழுத்தம் குறைவதால்தான் இறக்கை கீழே இழுக்கப்படுகிறது. அந்த இடத்தில் கால் நட்டால் ஓட்டம் கெடும் என்று மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். பந்தயக் கார்களில் வந்த பழக்கம்.

911-க்கு டிக்கி முன்னால்தானே? இதில் பானெட்டைத் திறந்தால் பை வைக்க இடமே இல்லையாமே?

இல்லை. முழுக்க ரேடியேட்டர்.

வெறும் இட நெருக்கடியால் அப்படி ஆகவில்லை. பின் இறக்கையை மட்டும் பெரிதாக்கினால் கார் பின்னால் அமுங்கும், மூக்கு லேசாகும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகப் பார்க்கும். பின்னால் எவ்வளவு அமுக்குகிறோமோ அதற்கு ஏற்ப முன்னாலும் அமுக்க வேண்டும். முன்னால் அமுக்க வேண்டிய இடத்தில், மற்ற ஜிடி3-களில் பம்பரின் இரு ஓரங்களிலும் நடுவிலுமாக மூன்று ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கும். பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓடிய 911 ஆர்எஸ்ஆர், ஜிடி3 ஆர் பந்தயக் கார்களிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார்கள். மூன்றையும் தூக்கிவிட்டு, ஒரே பெரிய ரேடியேட்டரைச் சாய்த்து டிக்கி இருந்த இடத்தில் வைத்தார்கள். ஓரங்கள் காலியாயின. அங்கே அசையும் மடிப்புகள் வந்து உட்கார்ந்தன.

அதோடு முடியவில்லை. ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்று பானெட்டில் உள்ள இரண்டு பெரிய துளைகள் வழியாக மேலே வரும். அப்படியே விட்டால் கூரை மேல் தவழ்ந்து நேரே பின்னால் இன்ஜின் மூச்சு வாங்கும் இடத்துக்குப் போகும். சூடான காற்றில் பிராணவாயு குறைவு, பவர் குறையும். அதனால் கூரை மேல் சின்னச் சின்னத் துடுப்புகள் வைத்து, சூட்டை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். படங்களில் அந்தத் துடுப்புகளைப் பார்த்து "இது எதற்கு ஒப்பனை" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பில் வெட்டியெடுத்தது போன்ற பள்ளம் உண்டு. மேலே சக்கர வளைவில் செதில் செதிலாகத் திறப்புகள். ஓடும் சக்கரம் வளைவுக்குள் காற்றை அடைத்து அழுத்தம் உண்டாக்கும், அது காரின் மூக்கைத் தூக்கும். அதை வெளியேற்றும் வழிகள் இவை. லெ மான்ஸ் வென்ற 911 ஜிடி1-இன் சாயல் அந்தப் பள்ளத்தில் தெரியும்.

டிஆர்எஸ் பொத்தான் இருக்கிறதாமே, ஃபார்முலா 1-இல் இருந்தது போல?

அதேதான். காற்றுத் தடையைக் குறைக்கும் அமைப்புக்குத்தான் டிஆர்எஸ் என்று பெயர். பின் இறக்கை இரண்டு துண்டு. மேல் துண்டு ஹைட்ராலிக்கில் அசையும். முன்னால் உள்ள மடிப்புகளும் கூடவே அசையும். நேர்ப்பாதையில் எல்லாம் தட்டையாகி, காற்றுத் தடை குறையும். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தியும் திறக்கலாம், கார் தானாகவும் திறக்கும். பிரேக்கில் கால் பட்டதும் மூடிக்கொள்ளும்.

அதிவேகத்திலிருந்து முழு பலத்தோடு பிரேக் அழுத்தினால் முன்னும் பின்னும் மடிப்புகள் நிமிர்ந்து நின்றுவிடும். விமானம் தரையிறங்கும்போது இறக்கை மேல் பலகைகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை. இந்த இரண்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவதுதான். டிஆர்எஸ் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை.

இன்ஜினைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்திருப்பது தப்பான இடம் என்று படித்தேன். உண்மையா?

புத்தகப்படி தப்புதான். அறுபது ஆண்டுக்கு மேலாக அந்தத் தப்பைத் திருத்தித் திருத்தி நல்லதாக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாட்டு வண்டி கட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. 911 பிறவியிலேயே பின்பார வண்டி. எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின் சக்கரங்கள் மேல் இருக்கிறது.

இதனால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. நன்மை: திருப்பத்திலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மற்றவர்களைவிடச் சீக்கிரம் மிதிக்கலாம். இன்ஜினின் கனம் பின் டயர்மேல் உட்கார்ந்திருப்பதால் அது வழுக்காமல் தள்ளும். பிரேக்கும் அப்படித்தான். வேகத்தை அடக்கும்போது எல்லாக் கார்களும் முன்னால் குனியும், பின் டயர்கள் வேலையில்லாமல் நிற்கும். இதில் பின்னாலும் கனம் மிச்சமிருப்பதால் நான்கு டயரும் சேர்ந்து பிடிக்கும்.

தொல்லை: திருப்பத்தின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரம் முன்னால் ஓடும். பின் டயர் பிடி இழக்கும். கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்போல அந்தக் கனமான பின்பக்கம் வெளியே வீசப் பார்க்கும். பழைய 911-கள் பல பேரை வேலிக்குள் அனுப்பியது இந்த ஒரு குணத்தால்தான்.

இன்றைய ஆர்எஸ்ஸில் அந்தக் குணம் அடங்கியிருக்கிறது, சாகவில்லை. பின் டயர் 335 மி.மீ. அகலம், முன் டயர் 275. பின் சக்கரங்களும் சற்றுத் திரும்பும்: மெதுவாகப் போகும்போது முன் சக்கரத்துக்கு எதிர்த்திசையில், வேகத்தில் அதே திசையில். வேகத்தில் எல்லாவற்றுக்கும் மேல் காற்று பின்பக்கத்தை அமுக்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டாம் கியர் திருப்பத்தில் காற்று உதவிக்கு வராது. அங்கே பழைய 911 பாடம்தான்: பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிடாமல், கொஞ்சம் அழுத்தம் வைத்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி, முன் டயருக்குப் பாரம் கொடுத்து மூக்கை உள்ளே நுழைக்க வேண்டும். கார் திரும்பியதும் பொறுமையாகப் பிரேக்கை விட்டு, உறுதியாக ஆக்ஸிலரேட்டர். நடுவில் மனம் மாறக் கூடாது.

எல்லாரும் டர்போவுக்குப் போய்விட்டார்களே, இது மட்டும் ஏன் இல்லை?

போர்ஷேவிடம் டர்போ இல்லாமல் இல்லை. அதே தலைமுறையில் 2020-இல் வந்த 911 டர்போ எஸ் 650 குதிரைத்திறன். ஆனால் டிராக்கில் திருப்பத்தின் விளிம்பில் நிற்கும்போது, கால் ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இழுவை வர வேண்டும். டர்போ காற்றைச் சேர்த்துக் கொடுப்பதற்குள் ஒரு கணம் கடந்துவிடும், பிறகு கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்தத் திக்குவாய் கிடையாது.

அதற்கு விலை, பவர் வேண்டுமென்றால் சுற்ற வேண்டும். இது 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். உச்ச பவர் கிடைப்பதே 8,500-இல். 9,000 என்பது சும்மா சொல்லும் எண் அல்ல. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூட வேண்டும். பிஸ்டன் 81.5 மி.மீ. தூரத்தை நொடிக்கு 150 முறை மேலும் 150 முறை கீழுமாகக் கடக்கிறது. சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 88 கி.மீ. வேகம், அதுவும் ஒவ்வொரு முனையிலும் நின்று நின்று.

சாதாரண இன்ஜினில் வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் சின்ன ஹைட்ராலிக் உறுப்பு இருக்கும். இந்த வேகத்தில் அது பலவீனமான கண்ணி. 2017-இல் வந்த 4 லிட்டர் ஜிடி3 முதல் அதைத் தூக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் சரியான தடிமனில் சிறு தகடு வைத்து ஒரே தடவை இடைவெளியை அமைத்துவிடுகிறார்கள். பந்தய இன்ஜின் பழக்கம் இது.

9,000-ஐத் தொடுவது எவ்வளவு கடினம் என்பதை போர்ஷே சொந்தக் காசில் கற்றது. 2014-இல் அன்றைய ஜிடி3 இரண்டு தீப்பிடித்தன. பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்ததுதான் காரணம் என்று கண்டு, அந்த ஆண்டு மாடலில் அதுவரை டெலிவரி கொடுத்திருந்த 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள்.

சஸ்பென்ஷனில் என்ன விசேஷம்?

முன்னால் டபுள் விஷ்போன்: சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு. 911-களில் வழக்கமாக இருந்த மெக்ஃபர்சன் அமைப்பு ஜிடி3-யிலேயே போய்விட்டது. ஆர்எஸ்ஸில் இன்னும் ஒரு கிறுக்குத்தனம்: முன் சக்கரக் காற்று ஓடும் வழியில் இருக்கும் விஷ்போன் கைகளையே கண்ணீர்த்துளி வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் மட்டும் உச்ச வேகத்தில் முன் ஆக்சில் மேல் 40 கிலோ கூடுதல் பாரம் கிடைக்கிறது என்று போர்ஷே சொல்கிறது. இரும்புக் கம்பி இருந்த இடத்தில் காற்றுக்கு இறக்கை.

பிரேக் அழுத்தும்போது மூக்கு குனியாமலிருக்கவும் முன் அமைப்பின் இணைப்புப் புள்ளியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். சொகுசுக்காக அல்ல. மூக்கு குனிந்தால் தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி மாறும், முன்பாரம் திடீரென்று ஏறும், பின்பாரம் குறையும். காற்றை நம்பி ஓடும் கார் மட்டமாக நிற்க வேண்டும். தட்டு ஆடினால் அதிலுள்ள தண்ணீர் ஒரு பக்கம் ஓடுவது போலத்தான்.

ஸ்டீயரிங்கில் நான்கு திருகு இருக்கிறதே, அவை எதற்கு?

ஒன்று ஓட்டும் முறையை மாற்ற: நார்மல், ஸ்போர்ட், டிராக். மற்றவற்றில் ஷாக் அப்சார்பர், பின் டிஃபரன்ஷியல் பூட்டு, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல். டிராக் முறையில், ஷாக் அப்சார்பர் அமுங்கும் வேகத்தையும் நிமிரும் வேகத்தையும் தனித்தனியாக, முன்னுக்கு வேறு பின்னுக்கு வேறாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். வழக்கமாக இதைச் செய்ய காரைப் பிட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, சாவி போட்டுத் திருக வேண்டும்.

என் யோசனை: எல்லாவற்றையும் நடுவில் விட்டு ஓட்டிப் பழகுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு சுற்றாவது ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றைத் திருகியவருக்கு எது வேலை செய்தது என்று தெரியாது. தன் ஓட்டுதலில் உள்ள குறைக்குத் திருகில் மருந்து தேடுவதும் இங்கே சுலபம்.

மேனுவல் கியர் கிடைக்குமா?

கிடைக்காது. ஏழு கியர் பிடிகே (போர்ஷேயின் இரட்டை கிளட்ச் தானியங்கி) மட்டும், அதுவும் ஜிடி3-ஐ விடக் குறுகிய விகிதத்தில். மேனுவல்தான் உயிர் என்பவர்களுக்காக 2023-இல் 911 எஸ்/டி வந்தது. இதே 525 குதிரைத்திறன் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், பெரிய இறக்கை இல்லை, 1,380 கிலோ. 1,963 மட்டும் செய்தார்கள். ஒரே இன்ஜினுக்கு இரண்டு பதில். மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்ட எனக்கு எஸ்/டி போதும். நேரத்தைத் துரத்துகிறவருக்கு ஆர்எஸ்.

பிரேக்?

முன்னால் 408 மி.மீ. இரும்பு டிஸ்க், ஆறு பிஸ்டன். பின்னால் 380 மி.மீ., நான்கு பிஸ்டன். கூடுதல் பணம் கொடுத்தால் செராமிக். டிராக் நாட்களில் தேயத் தேய மாற்றுகிறவர்கள் பலர் இரும்பையே விரும்புகிறார்கள். செராமிக் டிஸ்க்கின் விலை அப்படி.

வைஸாக் பேக்கேஜ் வாங்கலாமா?

கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் எடைக்குறைப்புத் தொகுப்பு இது. கார் கவிழ்ந்தால் காக்கும் ரோல் கேஜ் கார்பனாகி இரும்பைவிட 6 கிலோ குறையும், திருப்பத்தில் சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார்கூடக் கார்பனாகும். மெக்னீசியம் சக்கரம் எடுத்தால் இன்னும் 8 கிலோ போகும். சக்கரத்தில் குறையும் எடை மட்டும் உண்மையிலேயே கைக்குத் தெரியும். மற்றது பெரும்பாலும் கண்ணுக்கு.

மற்ற கார்களோடு ஒப்பிட்டால்?

2020-இல் மெர்சிடீஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரீஸ் நூர்பர்க்ரிங்கின் முழுச் சுற்றை 6 நிமிடம் 48.047 நொடியில் முடித்தது. அது 730 குதிரைத்திறன், இரண்டு டர்போ, வி8. ஆர்எஸ் அதைவிட ஒன்றேகால் நொடிதான் பின்னால், 205 குதிரைகள் குறைவாக வைத்துக்கொண்டு.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு ஒப்பீடு. 2017-இல் 700 குதிரைத்திறன் 911 ஜிடி2 ஆர்எஸ், 20.6 கி.மீ. அளவில் எடுக்கும் பழைய கணக்குப்படி 6 நிமிடம் 47.3 நொடி. அதே 20.6 கி.மீ.க்கு ஜிடி3 ஆர்எஸ் 6 நிமிடம் 44.848. இடையில் ஐந்து ஆண்டு டயர் வளர்ச்சியும் இருக்கிறது, முழுப் புகழையும் இறக்கைக்கே கொடுத்துவிட முடியாது. இணையத்தில் நேரங்களை ஒப்பிடும்போது இரண்டு தூரங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், சுமார் நான்கரை நொடி வித்தியாசம் வரும்.

நூர்பர்க்ரிங்குக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்திருக்கும் மான்தே, இந்தக் காருக்கு ஒரு கிட் செய்தது. இன்ஜினைத் தொடவில்லை. டவுன்ஃபோர்ஸ் 285 கி.மீ. வேகத்தில் 1,000 கிலோவைத் தாண்டியது, நேரம் 6 நிமிடம் 45.389 நொடிக்கு இறங்கியது. பவரைக் கூட்டாமலே ஏறக்குறைய நான்கு நொடி.

மழையில் ஓட்டலாமா?

அந்த நூர்பர்க்ரிங் நேரம் மிஷ்லின் கப் 2 ஆர் டயரில் எடுத்தது. அதில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் மிகக் குறைவு. ரோட்டில் நீர் தேங்கி நின்றால் 335 மி.மீ. அகல டயர் படகுபோல மிதக்கும். குளிர்ந்திருக்கும்போதும் பிடி குறைவு. முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். மழை நாளில் காரை வீட்டில் விடுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

தினசரி ஆபீசுக்கு?

ஏசி உண்டு, பாட்டுக் கேட்கும் வசதி உண்டு. டிக்கி இல்லை, பின் சீட் இல்லை. ஸ்பிரிங் கடினம், ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லின் பெயரையும் முதுகுத்தண்டு சொல்லும். வெளியானபோது ஜெர்மனியில் விலை ஏறத்தாழ 2.3 லட்சம் யூரோவில் தொடங்கியது. ஆபீசுக்குப் போவதற்கு என்றால், அந்தப் பணத்தில் சாதாரண 911 ஒன்றை வாங்கி, மீதியில் பல ஆண்டு டிராக் நாட்களுக்குக் கட்டணம் கட்டலாம்.

ரோட்டு வேகத்தில் இதன் அருமை தெரியுமா?

இன்ஜினின் அருமை தெரியும். 4,000-க்கு மேல் அது குரல் மாற்றுவதைக் கேட்க டிராக் தேவையில்லை. ஸ்டீயரிங்கின் கூர்மையும் தெரியும். ஆனால் கூரைக்கு மேல் நிற்கும் அந்த இறக்கை, மணிக்கு 80 கி.மீ.யில் அறுபத்தைந்து கிலோ பாரத்தைத்தான் ஏற்றியிருக்கும். பக்கத்து சீட்டில் ஒரு நண்பர் உட்கார்ந்தால் அதைவிட அதிகம்.